பிநிபாம் மைக்ரோஜெல்லில் அமீன்-டி.என்.ஏ: காலையில் பார்த்தால் பால் திரிந்த மாதிரி நிற்கிறது

கூழ்க்குடம் கேட்டது:

வெப்பத்துக்குச் சுருங்கும் பிநிபாம் (நிபாம் என்ற மோனோமரின் பலபடி) மைக்ரோஜெல், அதாவது நீர் ஊறும் நுண்வலைத் துகள்மேல் ஒற்றை இழை டி.என்.ஏ. ஒட்ட வேண்டும். கரைசலில் இருக்கும் நிரப்பு இழையை (வரிசை பொருந்தும் எதிர் இழை) பிடிப்பதுதான் நோக்கம். செய்தது இவ்வளவு:

ஜெல்: நிபாம் 93, பிஸ் (குறுக்கிணைப்பி) 2, அக்ரிலிக் அமிலம் 5 மோல் சதவீதம். 70 டிகிரியில் பொட்டாசியம் பெர்சல்பேட் போட்டு வீழ்படிவுப் பலபடியாக்கல், பிறகு ஒரு வாரம் டயாலிசிஸ். டி.எல்.எஸ்.ஸில் (ஒளிச்சிதறலால் துகளின் விட்டம் பார்ப்பது) 25 டிகிரியில் 420 நானோமீட்டர், 45 டிகிரியில் 210. ஸ்டாக் 10 மி.கி./மி.லி., பூசணம் வராமல் இருக்க 0.02% சோடியம் அசைடு.

ஒலிகோ (ஒட்ட வேண்டிய குட்டை டி.என்.ஏ. இழை): 30 பேஸ். 5' முனையில் அமீன்-சி6, அடுத்து பத்து டி, அதற்கப்புறம் பிடிக்கும் வரிசை 20. உப்பு நீக்கிய தரம்தான், எச்.பி.எல்.சி. செய்தது அல்ல.

வினை: 1 மி.கி. ஜெல், 1 மி.லி. மெஸ் பஃபர், பி.எச். 5.5. இடிசி 40 மி.கி., என்.எச்.எஸ். 20 மி.கி. (ஜெல்லின் அமிலக் குழுவான கார்பாக்சிலை அமீனோடு இணைக்க), 15 நிமிடம். பிறகு 20 நானோமோல் ஒலிகோ, சோடியம் குளோரைடு 0.5 மோலார். அறை வெப்பத்தில் இரவு முழுக்க ஷேக்கரில்.

காலையில் அடியில் பால் திரிந்த மாதிரி வெள்ளைத் திரி. குலுக்கினாலும் கரைவதில்லை. மேல்திரவத்தில், டி.என்.ஏ. உறிஞ்சும் 260 நானோமீட்டரில் பார்த்தால் ஒலிகோவில் 70% காணோம், அதாவது ஜெல்லில் ஏறியிருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன். இடிசி போடாத கன்ட்ரோலில் 10% மட்டுமே குறைந்தது. ஆனால் ஃபாம் (ஒளிரும் சாயம்) ஒட்டிய நிரப்பு இழையைப் போட்டால் ஏறக்குறைய எதுவுமே பிடிக்கவில்லை. 14 நானோமோல் ஏறிய ஜெல் இப்படியா இருக்கும்? எங்கே பிசகு?

---

நனைந்தநூல்:

முதலில் அந்தத் திரி. "அறை வெப்பம்" என்று எந்த நெறிமுறையில் படித்தீர்களோ, அதை எழுதியவர்களுக்கு அது 20, 22 டிகிரி. நம் ஊரில் மே மாதம் ராத்திரி ஏசியை அணைத்துவிட்டுப் போனால் அது 31, 32. பிநிபாம் தண்ணீரில் சுருங்கும் புள்ளியே 32தான்! அதோடு ஷேக்கர் மோட்டாரின் சூடு வேறு.

இரண்டாவது அடி உப்பிலிருந்து. சோடியம் குளோரைடு பிநிபாமின் சுருங்கு வெப்பத்தைக் கீழே இழுக்கும், 0.5 மோலாரில் ஏறத்தாழ ஐந்தாறு டிகிரி இறங்கிவிடும். பி.எச். 5.5இல் கார்பாக்சில் எல்லாம் முழுதாக அயனியாகியும் இருக்காது. ஆக உங்கள் ஜெல் 26, 27 டிகிரியிலேயே சுருங்கத் தயாராக இருந்திருக்கிறது.

வீங்கிய நிலையில் நீர் ஊறிய சங்கிலிகள் ஒன்றையொன்று தள்ளி நிற்கும், உப்பு இருந்தாலும் துகள் தப்பிக்கும். சுருங்கிய பிறகு துகளைக் காப்பாற்றுவது மின்சுமை மட்டும்தான். அதையும் நீங்கள் உப்பால் மறைத்துவிட்டீர்கள். சூடும் உப்பும் தனித்தனியாக வந்தால் சமாளிக்கலாம். சேர்ந்து வந்தால் திரியும்.

உப்பு எதற்குப் போடுகிறோம்? டி.என்.ஏ.வும் எதிர்மின், ஜெல்லும் எதிர்மின், விலக்கலைக் குறைக்க. அந்த விலக்கல் எட்டும் தூரம் 1 மில்லிமோலாரில் கிட்டத்தட்ட 10 நானோமீட்டர், 10இல் 3, 100இல் 1. 500க்குப் போனால் 0.4. 100 மில்லிமோலாரிலேயே வேலை முடிந்துவிடுகிறது, மீதி 400ஆல் கெடுதல்தான் அதிகம்.

15 டிகிரி நீர்த்தொட்டியில் வையுங்கள். இல்லாவிட்டால் குளிர் அறை.

---

அரைமோல்:

மேலே சொன்னது சரி. ஆனால் அந்த 70% ஏறவே இல்லை என்பது என் கருத்து. கணக்கைப் பாருங்கள்.

உங்கள் ஜெல்லில் ஒரு மோனோமருக்குச் சராசரி 112 கிராம். 1 மி.கி.யில் 8.9 மைக்ரோமோல் மோனோமர், அதில் 5% என்றால் சுமார் 450 நானோமோல் கார்பாக்சில், போட்ட அமிலம் முழுதும் உள்ளே போயிருந்தால். 40 மி.கி. இடிசி என்பது 209 மைக்ரோமோல். கார்பாக்சிலைப் போல 460 மடங்கு!

இவ்வளவு போட்டால் என்ன நடக்கும்? இடிசி கார்பாக்சிலோடு சேர்ந்து முதலில் தருவது ஓ-அசைல்ஐசோயூரியா. என்.எச்.எஸ். அதை உடனே வாங்கி எஸ்டராக்கிக்கொண்டால் நல்லது. வாங்காதது ஒரு பங்கு தண்ணீரால் சிதைந்து பழைய கார்பாக்சிலாகும், இன்னொரு பங்கு தனக்குள்ளேயே இடம் மாறி என்-அசைல்யூரியாவாகிவிடும். அது திரும்பி வராத பாதை. இடிசியின் வாலில் ஒரு டைமெத்தில் அமீன் இருப்பதை மறந்துவிடக் கூடாது. என்-அசைல்யூரியா ஆன இடமெல்லாம் எதிர்மின் போய் நேர்மின் நிரந்தரமாக உட்கார்ந்துவிடும். உங்கள் என்.எச்.எஸ். 174 மைக்ரோமோல், இடிசியைவிடக் குறைவு என்பதால் இந்தப் பாதைக்குக் கதவு திறந்தே கிடந்தது.

நேர்மின் ஜெல்லில் டி.என்.ஏ. ஈரத் துணி சுவரில் அப்பிய மாதிரி அப்பிக்கொள்ளும். மேல்திரவத்தில் குறைந்ததும் அதனால்தான், நிரப்பு இழைக்குப் பிடி கிடைக்காததும் பெரும்பாலும் அதனால்தான். திரிக்குள் சிக்கிக்கொண்டது தனிக் கணக்கு.

உங்கள் கன்ட்ரோல் இதைக் காட்டாது. இடிசியே போடாத ஜெல்லில் அந்த நேர்மின் உருவாகவே வழியில்லையே. சரியான கன்ட்ரோல்: ஜெல்லுக்கு இடிசி, என்.எச்.எஸ். எல்லாம் அதே அளவில் போட்டு, அமீன் இல்லாத அதே வரிசை ஒலிகோவைச் சேர்ப்பது. அதிலும் 70% காணாமல் போனால், சகப்பிணைப்பு என்று நினைத்ததெல்லாம் வெறும் ஒட்டல். இந்தக் கன்ட்ரோல் இல்லாமல் வரும் ஏற்ற அளவு எதையும் நான் நம்புவதில்லை.

இன்னொன்று, சாதா என்.எச்.எஸ். எஸ்டருக்கு மின்சுமை கிடையாது. கார்பாக்சில் பாதி எஸ்டராக மாறிய அந்த அரைமணியில் ஜெல் அம்மணமாக நிற்கிறது, திரிவதற்கு அதுவே போதும். சல்போ-என்.எச்.எஸ். போட்டால் எஸ்டரிலேயே சல்போனேட் இருப்பதால் எதிர்மின் கைவிட்டுப் போகாது. விலை அதிகம்தான். மைக்ரோஜெல்லுக்கு அந்தக் காசைக் கொடுக்கலாம்.

---

கூழ்க்குடம்:

460 மடங்கு என்று கணக்குப் போட்டே பார்க்கவில்லை. புரத நெறிமுறையில் இருந்த அளவை அப்படியே எடுத்துவிட்டேன். அப்படியானால் எவ்வளவு போட வேண்டும்? இதே இடிசி வழியில் முடியுமா, வேறு வழிக்குப் போக வேண்டுமா?

---

அரைமோல்:

முடியும். 1 மி.கி. ஜெல்லுக்கு:

50 மில்லிமோலார் மெஸ், பி.எச். 6.0, 1 மி.லி. ஜெல்லை முன்கூட்டியே இதில் மாற்றிக் கழுவியிருக்க வேண்டும். சல்போ-என்.எச்.எஸ். 2.8 மி.கி. போட்டுக் கரைத்த பிறகு இடிசி 1 மி.கி. வரிசை முக்கியம். 5 மைக்ரோமோல் இடிசிக்கு 13 மைக்ரோமோல் சல்போ-என்.எச்.எஸ். காத்திருக்கும், ஐசோயூரியாவுக்கு இடம் மாற நேரம் கிடைக்காது. 20 டிகிரியில் 15 நிமிடம்.

அடுத்து மிச்ச இடிசியை அணைக்க வேண்டும். சென்ட்ரிபியூஜில் கழுவலாமே என்று தோன்றும். வீங்கிய மைக்ரோஜெல் அடியில் இறங்க அரைமணிக்கு மேல் பிடிக்கும், அதற்குள் எஸ்டர் ஒரு பங்கு செத்துவிடும். அதனால் 2-மெர்காப்டோஎத்தனால் 1.4 மைக்ரோலிட்டர் போடுங்கள், 20 மில்லிமோலார் வரும். பத்து நிமிடம், புகைபோக்கிக்குள் வைத்து. டி.என்.ஏ. இடிசியைச் சந்திக்கவே கூடாது என்பதற்குக் காரணம் உண்டு: பி.எச். ஏறினால் கார்போடைஇமைடு ஜோடி சேராத ஜி, டி பேஸ்களைக் கடிக்கும்.

இப்போது 1 மோலார் ஹெப்பஸ் பஃபர், பி.எச். 8.0, 150 மைக்ரோலிட்டர். தாளில் தொட்டுப் பாருங்கள், 7.5 பக்கம் வர வேண்டும், குறைந்தால் இன்னும் கொஞ்சம். நீங்கள் 5.5லேயே ஒலிகோவைச் சேர்த்தது பெரிய தப்பு. அந்த அமீனின் பி.கே.ஏ. (அது பாதி நேர்மின்னாக நிற்கும் பி.எச்.) 10 பக்கம்; 5.5இல் பல ஆயிரத்தில் ஒன்றுதான் வினைபுரியும் நிலையில் இருக்கும். மறுபக்கம் பி.எச். 8.6க்குப் போனால் எஸ்டரின் அரை ஆயுள் 4 டிகிரியில்கூட 10 நிமிடம்தான். 7.5 ஒரு சமரசம்.

பிறகு ஒலிகோ 20 நானோமோல், 100 மைக்ரோலிட்டர் தண்ணீரில். சோடியம் குளோரைடு முதலில் 50, ஒரு மணி கழித்து 100 மில்லிமோலார். 15 டிகிரியில் நாலு மணி, பிறகு 4 டிகிரியில் இரவு முழுக்க. உப்பைச் சொட்டுச் சொட்டாகச் சுழற்றிக்கொண்டே விடுங்கள். 5 மோலார் ஸ்டாக்கை ஒரே இடத்தில் ஊற்றினால் அந்த இடமே திரியும்.

மிஞ்சிய எஸ்டரை ட்ரிஸ், எத்தனால்அமீன் போட்டு முடிக்க வேண்டாம். அவை ஏறிய இடத்தில் கார்பாக்சில் போய்விடும். தண்ணீரே பிளக்கட்டும்; எதிர்மின் திரும்பக் கிடைக்கும்.

---

நனைந்தநூல்:

ஒலிகோவைப் பற்றி ஒரு வார்த்தை. உப்பு மட்டும் நீக்கிய ஒலிகோவில் அம்மோனியா மிச்சம் இருக்கும், சிலர் ட்ரிஸ்ஸில் கரைத்தே அனுப்புவார்கள். இரண்டுமே அமீன். உங்கள் 20 நானோமோலுக்கு முன்னால் அவை எஸ்டரைத் தின்றுவிடும். எத்தனால் போட்டு வீழ்த்தி எடுங்கள். ஆனால் வழக்கமான சோடியம் அசிட்டேட் வேண்டாம், அசிட்டேட்டும் கார்பாக்சில்தான், எதற்கு வம்பு. சோடியம் குளோரைடு 0.3 மோலார், மூன்று பங்கு குளிர்ந்த எத்தனால், 30 பேஸ் சின்னது என்பதால் மெக்னீசியம் குளோரைடு 10 மில்லிமோலார், மைனஸ் 20இல் ராத்திரி முழுக்க. 4 டிகிரியில் 14,000 ஜி, 30 நிமிடம். 70% எத்தனாலில் இரண்டு தடவை கழுவி, தூய தண்ணீரில் கரையுங்கள். டி.இ. பஃபரில் வேண்டாம், அதிலும் ட்ரிஸ்தான்.

இடிசி பாட்டில்: ஃப்ரீசரிலிருந்து எடுத்ததும் திறக்காதீர்கள். கடலோர ஊர்க் காற்றில் மூடியைத் திறந்த ஒரு நிமிடத்தில் தூள்மேல் ஈரம் படிந்துவிடும். அரைமணி வெளியில் வைத்து, பாட்டில் வியர்ப்பது நின்ற பிறகு திறக்கவும். தூள் கட்டிதட்டியிருந்தால் அதை நம்ப வேண்டாம்.

---

சொடுக்குவினை:

இவ்வளவு கஷ்டப்பட்டு எஸ்டர் கடிகாரத்தோடு ஓடுவானேன்? இரண்டு படியாகப் பிரித்துவிடுங்கள்.

முதல் படியில் டி.என்.ஏ. கிடையாது. ஒரு முனையில் அமீன், மறுமுனையில் அசைடு உள்ள சின்ன பெக் இணைப்பியை, 11-அசைடோ-3,6,9-ட்ரைஆக்ஸாஅன்டெகன்-1-அமீன் மாதிரி ஒன்றை, இடிசியால் ஜெல்லில் ஏற்றுங்கள். மலிவான பொருள், 1 மி.கி. ஜெல்லுக்கு 90 நானோமோல் போதும், கார்பாக்சிலில் ஐந்தில் ஒன்று. மீதி நாலு பங்கு துகளைத் தாங்கி நிற்க வேண்டும். கழுவி உலர்த்தி ஐ.ஆர். (அகச்சிவப்பு நிறமாலை) எடுத்தால் 2100 செ.மீ.⁻¹ பக்கத்தில் அசைடு முகடு தெரியும். குறைந்த ஏற்றத்தில் சின்னதாக இருக்கும், ஆனால் மிச்ச இடிசியும் சோடியம் அசைடும் போகக் கழுவியிருந்தால் அந்தப் பகுதியில் வேறு முகடு வராது என்பதால் ஏமாற்றாது.

இரண்டாவது படியில் டி.பி.சி.ஓ. (செம்பில்லாமலே அசைடோடு இணையும் குழு) ஒட்டிய ஒலிகோ. செம்பு வேண்டாம், செம்பும் அஸ்கார்பேட்டும் சேர்ந்தால் வரும் தனியுறுப்புகள் டி.என்.ஏ.வை நறுக்கும். டி.பி.சி.ஓ. தண்ணீரில் செத்துப்போகும் குழு இல்லை, 10 டிகிரியில் இரண்டு நாள் நிதானமாக விடலாம், உப்பை 10இலிருந்து 100 மில்லிமோலாருக்கு நாலு தவணையில் ஏற்றலாம், ஒட்டாத ஒலிகோவைத் திரும்ப எடுத்து அடுத்த தடவைக்கு வைத்துக்கொள்ளலாம். டி.பி.சி.ஓ. 309 நானோமீட்டரில் உறிஞ்சும், மோலார் குணகம் 12,000 பக்கம். 260ஐயும் 309ஐயும் சேர்த்துப் பார்த்தால் எத்தனை இழையில் டி.பி.சி.ஓ. உண்மையில் இருக்கிறது என்பதும் தெரிந்துவிடும்.

ஆனால் உங்கள் ஸ்டாக்கில் ஒரு வெடி இருக்கிறது. 0.02% சோடியம் அசைடு. அது 3 மில்லிமோலார். 1 மி.கி. ஜெல்லுக்கு எடுக்கும் 0.1 மி.லி.யில் 0.3 மைக்ரோமோல் அசைடு, உங்கள் 20 நானோமோல் டி.பி.சி.ஓ.வைப்போல 15 மடங்கு. கழுவாமல் போட்டால் ஜெல்லுக்குப் போவதற்கு முன்பே எல்லாம் கரைசலிலேயே முடிந்துவிடும். டயாலிசிஸ் நாலு தடவை தண்ணீர் மாற்றி.

டி.பி.சி.ஓ. நீர்வெறுக்கும் குழு என்பதால் பிநிபாமில் சும்மாவே ஒட்டும், சுருங்கிய ஜெல்லில் இன்னும் அதிகம். ஆகவே அசைடு ஏற்றாத ஜெல்லோடு ஒரு கன்ட்ரோல் கட்டாயம்.

---

அரைமோல்:

ஒத்துக்கொள்கிறேன், இலக்கு அடர்த்தி முக்கியமென்றால் அதுவே நல்ல வழி. வெறுமனே பிடித்துக் காட்டினால் போதும் என்றால் இடிசியே போதும், டி.பி.சி.ஓ. ஒலிகோ விலை கொஞ்சநஞ்சம் இல்லை. அக்ரிடைட் (பலபடியில் சேரும் இரட்டைப் பிணைப்புள்ள) ஒலிகோவை மோனோமரோடு சேர்த்துப் பலபடியாக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பாலிஅக்ரிலமைடு பலகையில் அது அருமையாக வேலை செய்யும். 70 டிகிரி வீழ்படிவு முறையில் பெரும்பகுதி துகளுக்குள் புதைந்து யாருக்கும் பயனில்லாமல் கிடக்கும்.

அதே மாதிரி ஜெல்லில் கார்பாக்சில் எங்கே இருக்கிறது என்பதையும் யோசியுங்கள். மெத்தாக்ரிலிக் அமிலம் சீக்கிரம் வினைபுரிந்து மையத்தில் சேரும். வினைல்அசிட்டிக் அமிலம் சங்கிலி முனைகளில், அதாவது மேற்பரப்பில். அக்ரிலிக் இரண்டுக்கும் நடுவே. டி.என்.ஏ. வெளியே நிற்க வேண்டுமென்றால் அடுத்த தொகுதியில் வினைல்அசிட்டிக் போட்டுப் பாருங்கள்.

---

கூழ்க்குடம்:

நன்றி. இரண்டு சந்தேகம். கழுவுவது எப்படி? ஏறிய அளவை எப்படி அளப்பது? 260இல் ஜெல்லை நேராக வைத்தால் ஒளிச்சிதறல் எல்லாவற்றையும் மறைக்கிறது. ஜீட்டா (துகள் மேற்பரப்பின் மின்னழுத்தம்) பார்த்தேன், முன்னும் பின்னும் ஒரே மாதிரி எதிர்மின்.

---

நனைந்தநூல்:

கழுவும்போதுதான் இந்த ஜெல்லின் குணம் நமக்கு உதவுகிறது. 30 பேஸ் ஒற்றை இழை வீங்கிய வலைக்குள் தாராளமாகப் புகுந்து உட்காரும். வெறுமனே சுழற்றிக் கழுவினால் வெளியே வராது. முதலில் உப்பை இறக்குங்கள்: 5 மில்லிமோலார் ஹெப்பஸ், 0.01% ட்வீன் 20, உப்பே வேண்டாம். இந்த நிலையில் 45 டிகிரியில் பத்து நிமிடம் வைத்தால் ஜெல் சுருங்கும், ஆனால் மின்சுமை காப்பாற்றுவதால் திரியாது. கலங்கல் பால் நீலமாக, சீராக இருக்க வேண்டும்; மணல் மாதிரிப் பொட்டு தெரிந்தால் உடனே பனிக்கட்டியில் வைக்கவும். பிறகு 10 டிகிரியில் அரைமணி, வீங்கட்டும். துணியைப் பிழிந்து நனைப்பது போல மூன்று தடவை. அதற்கப்புறம் சென்ட்ரிபியூஜ், 25 டிகிரி, 15,000 ஜி, 45 நிமிடம். வண்டல் கண்ணாடி மாதிரித் தெரியும், கண்ணுக்குச் சட்டென்று புலப்படாது. குழாய் எந்தப் பக்கம் நின்றது என்று மார்க்கரில் குறித்துவிட்டுப் போடுங்கள். மேல்திரவத்தைக் கடைசிச் சொட்டுவரை உறிஞ்சினால் ஜெல்லும் போய்விடும், 50 மைக்ரோலிட்டர் விட்டுவிடவும். இப்படி நாலைந்து சுற்று. ஒவ்வொரு சுற்றின் மேல்திரவத்தையும் 260இல் பாருங்கள், பூஜ்யத்துக்கு வந்தால்தான் நிறுத்தலாம்.

---

அரைமோல்:

அளவுக்கு. ஜீட்டாவில் ஒன்றும் தெரியாததில் ஆச்சரியமில்லை. 1 மி.கி.க்கு 1 நானோமோல் ஏறியது என்று வையுங்கள். இழைக்கு 30 எதிர்மின், மொத்தம் 30 நானோமோல். ஜெல்லில் ஏற்கெனவே 450 இருக்கிறது. எடையிலும் 9 மைக்ரோகிராம், ஒரு சதவீதம்கூட இல்லை. சுருங்கு வெப்பமும் பெரிதாக நகராது.

ஆனால் அந்த 1 நானோமோல் அற்பம் இல்லை. 210 நானோமீட்டர் சுருங்கிய துகளில் பாதி தண்ணீர் என்று எடுத்தால் ஒரு துகளின் பாலிமர் எடை சுமார் 2.7 ஃபெம்டோகிராம், 1 மி.கி.யில் 37,000 கோடி துகள். ஒரு துகளுக்கு 1600 இழை! எல்லாம் வெளியே இருந்தால் வீங்கிய பரப்பில் 18 நானோமீட்டர் இடைவெளிக்கு ஒன்று. நிரப்பு இழை பிடிக்க இதுவே தாராளம். 14 நானோமோல் என்று ஆசைப்பட வேண்டியதில்லை.

அளக்க: சி.ஒய்.5 (இன்னொரு ஒளிரும் சாயம்) ஒட்டிய நிரப்பு இழை. ஃபாம் பி.எச். 7க்குக் கீழே மங்கும், கார்பாக்சில் ஜெல்லுக்குள் பி.எச். என்னவென்று யாருக்கு நிச்சயம்? 10 மில்லிமோலார் பாஸ்பேட், 100 மில்லிமோலார் உப்பு, 20 டிகிரி, இரண்டு மணி. பக்கத்திலேயே தாறுமாறு வரிசை சி.ஒய்.5 இழையோடு இன்னொரு குழாய். கழுவியபின் 50 மில்லிமோலார் சோடியம் ஹைட்ராக்சைடில் ஐந்து நிமிடம் வைத்தால் ஜோடி பிரியும், 100 கிலோடால்டன் வடிகட்டிக் குழாயில் சுழற்றினால் இழை கீழே இறங்கும், ஜெல் மேலே நிற்கும். கீழே வந்ததை நடுநிலையாக்கி ஒளிர்வைப் படியுங்கள். திட்டக்கோட்டையும் அதே நடுநிலையாக்கிய கரைசலில் வரையுங்கள், தண்ணீரில் வேண்டாம். தாறுமாறு குழாயின் அளவைக் கழித்தால் வேலை செய்யும் இழை எத்தனை என்று கிடைக்கும்.

மொத்தம் எத்தனை ஏறியது என்றும் வேண்டுமானால் டி.என்.ஏஸ்-1 (டி.என்.ஏ.வை வெட்டும் நொதி) வைத்து நறுக்கிக் கரைசலில் அளக்கலாம். வழக்கப்படி 37 டிகிரியில் வைத்துவிடாதீர்கள், ஜெல் சுருங்கி எதையும் தராது. 25இல், நொதியைக் கூட்டி, ராத்திரி முழுக்க.

---

கூழ்க்குடம்:

அமீன் இல்லாத ஒலிகோவுக்கு ஆர்டர் போட்டாயிற்று. அது வரும்வரை பழைய திரியைச் சரிசெய்ய வழி உண்டா?

---

அரைமோல்:

உப்பில்லாத 4 டிகிரித் தண்ணீரில் இரண்டு நாள் ஊறவையுங்கள். சுருங்கி ஒட்டியது மட்டுமென்றால் வீங்கிப் பிரியும். பிரியாவிட்டால் நேர்மின்னும் எதிர்மின்னும் கோத்துக்கொண்டது என்று அர்த்தம், கொட்டிவிடுங்கள்.